மல்டிபிள் பேஸ்லைன்: தமிழில் எப்படிச் சொல்வது?

தஞ்சாவூர்:
பேச்சுப் பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்கும் ‘மல்டிபிள் பேஸ்லைன்’ ஆய்வு வடிவத்துக்கு, நேற்று வந்த ‘பல அடிக்கோட்டு வடிவம்’ என்ற பெயர் ஒட்டவில்லை. அடிக்கோடு என்றால் சொல்லுக்குக் கீழே இழுப்பது. பேஸ்லைனுக்கு, அதாவது பயிற்சிக்கு முன் எடுக்கும் அளவுக்கு, ‘முன்னளவு’ போதும். முழுப் பெயருக்கு ‘முறைவைப்பு வடிவம்’ எப்படி? ஒரு குழந்தைக்கு க, ர, ச மூன்றும் வரவில்லை. காக்கா ‘தாத்தா’ ஆகிறது. மூன்றையும் அளந்துவிட்டு க-வுக்கு மட்டும் பயிற்சி தொடங்குகிறோம். க ஏறி, மற்ற இரண்டும் அசையாமல் கிடந்தால்தான் பயிற்சியின் பலன் என்போம். அப்புறம் ர, கடைசியில் ச. வாய்க்காலுக்கு முறை வைக்கிற கதைதான்.

மன்னார்குடி:
முன்னளவு சரி, முறைவைப்பு இடிக்கிறது. கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்தால், இதைக் குறைத்துத்தான் அதில் விடுவார்கள். இங்கே ர-வைத் தொடங்க க-வை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு பயிற்சிகளை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிடும் வடிவம் தனியாக உண்டே, ‘மடைமாற்று’ என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

வரைபடத்தைப் பாருங்கள். மூன்று கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்று. பயிற்சி தொடங்கும் கோடு 5, 10, 15ஆம் அமர்வுகளுக்குப் பின் என்று இறங்கினால், சாட்சாத் படித்துறை. ‘படித்தொடக்க வடிவம்’ என்கிறேன்.

கும்பகோணம்:
படித்தொடக்கத்துக்கே என் ஓட்டு. வரையறையில் காரணத்தையும் எழுதுங்கள்: கற்ற ஒலியை மறக்கச் சொல்ல முடியாது. பயிற்சியை எடுத்தால் பழைய நிலை திரும்புகிறதா என்று பார்க்கும் வடிவம் பேச்சுக்கு ஒத்துவராது. நடத்தையியல் ஆய்வாளர்கள் பேயர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968இல் இந்த வடிவத்தை விவரித்தபோது பொதுவாகச் சொன்னதும் இதைத்தான்.

ஒரு ஒலிக்குக் கொடுத்த பயிற்சியின் பலன் இன்னொன்றுக்கும் பரவுவதைச் சொல்ல ‘கசிவு’ என்ற சொல்லும் தேவை. வரைபடத்தில் க-வை ஒரு வரிசையிலும், சங்கு, நுங்கு போன்ற ‘ங்க’ சொற்களை அடுத்த வரிசையிலும் வைத்தால், பின்நாக்கு எழுவது இரண்டுக்கும் பொது. சொல்லிக்கொடுக்காமலே ‘ங்க’ ஏறும். குழந்தைக்கு லாபம், ஆய்வு போச்சு. ழ-வை எடுக்கும்போதும் கவனம்: வீட்டில் எல்லோரும் ‘பளம்’ என்றால் அது வட்டார வழக்கு, கோளாறு அல்ல.

அளக்கும் சொற்கள் பயிற்சியில் வராத சொற்களாக இருக்கட்டும், வரிசைக்குப் பத்து. அளக்கும்போது ‘சரி’, ‘தப்பு’ எதுவும் சொல்லக் கூடாது, தலையாட்டுவதும் பயிற்சிதான். ஒவ்வொரு வரிசையிலும் பயிற்சிக்கு முன் 5, தொடங்கிய பின் 5 அளவுகளாவது வேண்டும். முன்னளவே மேல்நோக்கிப் போனால் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு அமர்வுகளையாவது இன்னொருவர் தனியாகக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும்.

ஒரு கேள்வி. வரைபடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் டியர் (tier) என்பதற்கு ‘வரிசை’ எதற்கு? முதற்படி, இரண்டாம் படி என்று ‘படி’யையே வைத்துக்கொள்ளலாமே?