அரிசோனா – சொனோரா எல்லைப் பழைய டோபோ ஷீட்டுகள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், டக்ளஸ் நகருக்குக் கிழக்கே உள்ள சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கின் பழைய டோபோ ஷீட்டுகளை (மேடு பள்ளம், நீர்நிலை, பாதை எல்லாம் காட்டும் நில வரைபடத் தாள்களை) தேடுகிறேன். எல்லைக்குத் தெற்கே இருப்பது மெக்சிகோவின் சொனோரா மாநிலம்.

வறண்ட மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஊற்றும் சதுப்பும் உள்ள அபூர்வமான இடம் அது. அமெரிக்கா மெக்சிகோவிடம் நிலம் வாங்கிய 1853 காட்ஸ்டன் ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு அங்கிருந்த ஒரு பழைய பண்ணை நிலத்தின் குறுக்கே போனது. 1884இல் ஜான் ஸ்லாட்டர் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் கைக்கு வந்தபோது பண்ணை இரண்டு நாடுகளிலும் கிடந்தது. 1982இல் அமெரிக்கப் பக்கத்தில் ஒரு பகுதி வனவிலங்குப் புகலிடமானது. எந்த ஊற்று எந்தக் காலத்தில் வற்றியது என்று, வெவ்வேறு ஆண்டு வரைபடங்களை அடுக்கிப் பார்க்க ஆசை. ஆள் நடமாட்டமே குறைந்த அந்தப் பகுதியில் காற்றாடிக் கிணறு, மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, மண் பாதை எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்து வைத்தவர்கள் நில அளவையாளர்கள்தான். அவர்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அமெரிக்கப் பக்கத் தாள்கள் யூஎஸ்ஜிஎஸ்ஸின் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) டோபோவியூ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் தெற்கே. மெக்சிகோவின் புள்ளியியல், புவியியல் நிறுவனமான இனெகியின் 1:50,000 தாள்களில், டக்ளஸுக்கு எதிரே எல்லைக்கு அப்பால் உள்ள அகுவா பிரியேட்டா நகருக்குக் கிழக்குப் பகுதியின் முதல் பதிப்பு ஸ்கேன் யாரிடமாவது உண்டா? பல்கலைக்கழக வரைபட நூலகத்தில் வேலை செய்பவர்கள் தேடிப் பார்த்துச் சொன்னாலும் போதும்.

இன்னொன்று: நாட்27 (1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டம், அதாவது இட ஆயங்களுக்கான அடிப்படை அளவுமுறை) முறையில் உள்ள பழைய தாளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தினால் கிணறுகள் தள்ளி விழுகின்றன. அந்தப் பகுதிக்கு எந்த டேட்டம் மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?