தொழில் நெறிப் பயிற்சிக்கு உதாரணங்கள் வேண்டும்

வணக்கம். பல வருடமாக வழக்கு நடத்திவரும் வழக்கறிஞர்களுக்குத் தொழில் நெறி பற்றி அரை நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. விதிகளைத் திரையில் போட்டு வாசித்தால் யாரும் செல்போனிலிருந்து தலை நிமிர மாட்டார்கள். நிஜமான சிக்கல்களை வைத்துப் பேசவைக்க வேண்டும்.

ஒன்று கையில் இருக்கிறது. அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்து வந்து ஒரே வக்காலத்தில் (வழக்கறிஞரை அமர்த்தும் பத்திரம்) கையெழுத்துப் போடுகிறார்கள். வழக்கு பாதியில் இருக்கும்போது தம்பி தனியாகப் போன் செய்து, "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் சார், அந்தப் பத்திரம் என்கிட்டதான் இருக்கு" என்கிறார். வக்கீல் இனி யாருக்காகப் பேசுவது? இருவரையும் விட்டு விலகுவதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் அண்ணனிடம் என்ன காரணம் சொல்வது? அங்கேதான் ரகசியக் காப்பு இடிக்கிறது.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கு உதாரணம், நியூயார்க்கின் மாட்டா - ஏவியாங்கா வழக்கு (2023). சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்கு 5,000 டாலர் அபராதம்.

கட்சிக்காரர் (வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவர்) பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது பற்றித்தான் நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. பெயர், ஊர் மறைத்து நீங்கள் பார்த்ததை எழுதுங்களேன். ஜூனியர்களும் தயங்க வேண்டாம். சீனியர் சொல்லும் தவறான வேலையை எப்படி மறுப்பது என்பதும் நிகழ்ச்சியில் உண்டு.