நகரசபைக் கூட்டத்தில் பேசியதற்காக வழக்கு: ஒன்ராறியோவில் தொடக்கத்திலேயே தள்ளுபடி கோரலாமா?

ஸ்காபரோ வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவின் பின்னாலுள்ள சதுப்பு நிலத்தில் வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அந்த நிலத்தை நிரப்பினால் எங்கள் நிலக்கீழ் அறைகளுக்குள் வெள்ளம் புகும் என்று நகரசபையின் பொதுக்கூட்டத்தில் சொன்னேன். அதையே துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு அயலவருக்கும் கொடுத்தேன். இப்போது நான் அவதூறு செய்ததாகக் கூறி, என் வீட்டை விற்றாலும் கட்ட முடியாத தொகையை நட்டஈடாகக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். இத்தகைய வழக்கை முழு விசாரணைக்கு முன்பே தள்ளுபடி செய்விக்க வழி உண்டா?

வழக்கேடு:
உண்டு, ஐயா. நீதிமன்றங்கள் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 137.1ஆம் பிரிவு இதற்காகவே இயற்றப்பட்டது. நீங்கள் பேசியது பொதுநலன் சார்ந்த விடயம் என்பதை மட்டும் முதலில் காட்ட வேண்டும். அதன்பின் சுமை நிறுவனத்தின் தோளுக்கு மாறிவிடும். தனது வழக்கில் கணிசமான வலு இருக்கிறது, உங்களிடம் செல்லுபடியான எதிர்வாதம் இல்லை என்று நம்ப ஆதாரம் உண்டு என்பதையும், தனக்கு நேர்ந்த பாதிப்பு உங்கள் பேச்சைப் பாதுகாப்பதிலுள்ள பொதுநலனை விஞ்சுகிறது என்பதையும் அது காட்டியாக வேண்டும்.

கனடிய உச்ச நீதிமன்றம் 2020 செப்டெம்பரில் தீர்ப்பளித்த பொயின்ற்ஸ் பாதுகாப்புச் சங்க வழக்கு உங்களுடையதை மிகவும் ஒத்தது. சூ செயின்ற் மேரியில் 91 மனைகள் கொண்ட திட்டத்தால் ஈரநிலம் பாதிக்கப்படும் என்று சங்கத்தின் தலைவர் நிலத்திட்டப் பிணக்குகளை விசாரித்த ஒன்ராறியோ மாநகர சபை என்ற தீர்ப்பாயத்தில் சாட்சியம் அளித்தார். சங்கம் தன்னுடன் முன்னர் செய்த உடன்படிக்கையை அந்தச் சாட்சியம் மீறுகிறது என்று சொல்லி, திட்டத்துக்குரிய நிறுவனம் 60 இலட்சம் டொலர் கேட்டது. அந்த வழக்கு தள்ளுபடியானது. தள்ளுபடியானால் உங்கள் சட்டச் செலவு முழுவதையும் நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பதே பொது விதி. சாதாரண மனிதரைச் செலவாலேயே வாயடைக்கும் வழக்குகளுக்கு எதிராக, இந்தப் பிரிவின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

மதியழகி:
ஒரு எச்சரிக்கை. அதே நாளில், சட்டத்தரணிகளின் மின்னஞ்சல் குழுவில் ஒரு மருத்துவரைப் பெயர் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டியது தொடர்பான வழக்கை, 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதே நீதிமன்றம் தொடர அனுமதித்தது. ஆகவே உங்கள் பிரசுரத்தை வரிக்கு வரி பாருங்கள். வெள்ளத்தைப் பற்றிய கருத்து வேறு. ஒருவர் இலஞ்சம் கொடுத்தார் என்பது போன்ற குற்றச்சாட்டு வேறு.

வழக்கேடு:
மதியழகி சொன்னது மிகவும் முக்கியம். இன்னொன்று: ஒன்ராறியோவில் வழக்கறிக்கை கையளிக்கப்பட்டால், 20 நாட்களுக்குள் எதிர்வாதத்தையோ, எதிர்வாதம் செய்யும் எண்ணத்தைத் தெரிவிக்கும் அறிவித்தலையோ கொடுக்க வேண்டும், அறிவித்தல் கொடுத்தால் மேலும் 10 நாட்கள் கிடைக்கும். தள்ளுபடி விண்ணப்பம் தாக்கலானால், அது முடியும்வரை இரு தரப்பும் வழக்கில் வேறெந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. இதற்குள் கூட்ட அறிக்கையின் பிரதியை நகரசபையிடம் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தத்தையும் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்; சில ஒப்பந்தங்கள் அவதூறு வழக்கின் செலவை ஏற்கின்றன.