புது லேப்டாப்பில் உபுண்டு போடப் போனால் எஸ்எஸ்டியே தெரியவில்லை

மணல்வீடு:
போன வாரம் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 11 போட்டே வந்தது. அதை முழுசாக எடுத்துவிட்டு உபுண்டு 24.04 போடலாம் என்று பென்டிரைவில் பூட் செய்தேன். வைஃபை, சவுண்ட் எல்லாம் ஓடுகிறது, ஆனால் இன்ஸ்டால் செய்யும் இடத்தில் பென்டிரைவைத் தவிர வேறு டிஸ்க்கே காட்டவில்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா? விண்டோஸில் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, அழித்துவிட்டால் காசு கொடுத்த விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

கறுப்புத்திரை:
எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங்ஸ் திரை) விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்று இன்டெலின் டிஸ்க் செட்டிங் ஒன்று ஆனில் இருக்கும், அதை அணைத்து ஏஹெச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்றுங்கள், டிஸ்க் தெரிய வேண்டும். மாற்றிய பிறகு பழைய விண்டோஸ் பெரும்பாலும் நீலத்திரையோடு நின்றுவிடும், அதனால் ஃபைல்களை முதலில் வெளியே எடுத்து வையுங்கள். லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பின்னால் அதே எடிஷனைப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

தாளம்தப்பி:
பயாஸைத் தொடும் முன்னால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள், 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். நான் எழுதாமல் கைவைத்து, ராத்திரி ஒரு மணிக்கு கீ கேட்கும் அந்த நீலப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மணல்வீடு:
விஎம்டிதான்! அணைத்ததும் 512 ஜிபியும் தெரிகிறது. கீயை நோட்டில் எழுதிவிட்டேன், இப்போது இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி பாஸ்.