காலேஜ் வந்து அஞ்சு வாரம் ஆச்சு, வீட்டு ஞாபகம் தாங்கல. இது எப்போ சரியாகும்?

கடைசிபெஞ்ச்_காக்கா

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்ஸ்ட் இயர். வீட்ல இருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல வந்து அதுக்கப்புறம் பஸ்ஸும் ஏறணும், அவ்ளோ தூரத்துல காலேஜ். இதுக்கு முன்னாடி வீட்ட விட்டு சேந்தாப்ல நாலு நாள் கூட வெளிய தங்கினது கிடையாது. பகல்ல கிளாஸ், லேப்னு எப்படியோ ஓடிடுது, சாயங்காலம் ரூமுக்கு வந்து பேக்க கட்டில்ல போட்டதும் ஆரம்பிக்கும். எங்கப்பா தினமும் எட்டரை மணிக்கு வந்து வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவாரு, 'கிர்ரக்'னு ஒரு சத்தம் வரும், சின்ன வயசுல இருந்து கேக்கறேன், ஒரு நாள் கூட அத கவனிச்சதில்ல. இப்ப எட்டரை ஆனா இங்க உக்காந்துட்டு காது அந்த சத்தத்த தேடுது.

போன் பண்ணா அம்மா சாப்டியானு கேப்பாங்க, சாப்டேன்னு சொல்லுவேன், அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருப்போம், வெச்சிடவானு கேப்பாங்க, சரிம்பேன், ஆனா ரெண்டு பேரும் வெக்க மாட்டோம். வெச்சதும் பாத்ரூம் போயி பக்கெட்ல தண்ணிய திறந்து விட்டுட்டு அழுவேன், வெளிய கேக்கக்கூடாதுல்ல. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவ பேசறேன். பேசினா கொறையும்னு பாத்தா பேசப்பேச ஜாஸ்தி ஆகுது. ரூம்மேட் ரெண்டாவது நாளே செட் ஆயிட்டா, சிரிச்சிட்டு சுத்தறா. எனக்கு மட்டும் ஏன் இப்டி? வீட்ல சொன்னா 'கெளம்பி வந்துடு'ன்னுடுவாங்க, நானும் வந்துடுவேன், அதான் பயமே. அடுத்த வாரம் மூணு நாள் லீவு வருது, போலாமா வேணாமா? ஆறுதலுக்கு சொல்லாம உண்மைய சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரி_ஷிப்ட்

தங்கச்சி, பக்கெட்ல தண்ணி திறந்து விட்டு அழறவங்க சங்கத்துக்கு நான் முன்னாள் தலைவர். எங்க ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல எந்த பாத்ரூம்ல பாத்தாலும் தண்ணி ஓடிட்டு இருக்கும், நான் என்னவோ பசங்க ரொம்ப சுத்தம் போலனு நெனச்சிட்டு இருந்தேன், மூணாவது வருஷத்துலதான் ஒவ்வொருத்தனா சொன்னானுங்க. அதனால ரூம்மேட் சிரிக்கறத வெச்சு எதையும் முடிவு பண்ணாத. என் ரூம்மேட் காலேஜ்லயே பெரிய காமெடியன், அவன் தலகாணிக்கு அடில அவங்க தங்கச்சி ஸ்கூல் ஐடி கார்டு இருந்தத ரூம் காலி பண்றப்பதான் பாத்தேன்.

எப்போ சரியாகும்னா, நேர்கோடா கொறையாது, அலை மாதிரி வரும். நாலு நாள் நல்லா இருக்கும், சரியாயிடுச்சுனு நெனப்ப, ஞாயித்துக்கெழம மத்தியானம் வேல இல்லாம உக்காந்திருக்கும்போது மறுபடி அடிக்கும், உடம்பு சரியில்லனா இன்னும் மோசம். ஆனா ரெண்டு அலைக்கு நடுவுல இருக்கற நாள் கூடிட்டே போகும், எனக்கு பர்ஸ்ட் செமஸ்டர் முடியறப்ப பரவால்லனு ஆச்சு. லீவுக்கு போகாதனுதான் சொல்லுவேன், நான் போனேன், திரும்பி வந்த அன்னிக்கு மறுபடியும் மொத நாள்தான்.

பழையபுத்தக_வாசனை

இந்த வியாதிக்கு 1688லயே ஒரு பையன் பேரு வெச்சிட்டான். யோஹான்னஸ் ஹோஃபர்னு சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவன், அப்ப அவனுக்கு 19 வயசுதான், அதாவது கிட்டத்தட்ட உங்க வயசு. பாசல் பல்கலைக்கழகத்துல குடுத்த ஆய்வுக்கட்டுரைல கிரேக்கத்துல 'வீடு திரும்பறது', 'வலி'ங்கற ரெண்டு வார்த்தையயும் ஒட்டி நாஸ்டால்ஜியானு புது வார்த்தை செஞ்சான். இன்னிக்கு அத பழைய பாட்டு, பழைய போட்டோனு இனிப்பான விஷயத்துக்கு சொல்றோம், அப்ப அது டாக்டர் பாக்கற வியாதி.

அதுல அவன் எழுதியிருக்கற ஒரு நோயாளி யாருனா, பெர்ன்ல இருந்து பாசலுக்கு படிக்க வந்த மாணவன். காய்ச்சல், படபடப்பு, சாகப்போறான்னு எல்லாரும் பயந்துட்டாங்க. கடைசில வீட்டுக்கே அனுப்பிடலாம்னு முடிவு பண்ணி ஏற்பாடு செய்ய ஆரம்பிச்சதுமே மூச்சு சீராயிடுச்சாம், வழியிலயே தேறி ஊரு போய் சேர்றதுக்குள்ள நல்லாயிட்டானாம். கவனிச்சீங்களா, வீட்டுக்குள்ள இன்னும் கால் வெக்கல. போவோம்னு தெரிஞ்சதே பாதி மருந்து. அதனால ராத்திரி ஷிப்ட் அண்ணன் சொல்றதுல எனக்கு பாதிதான் உடன்பாடு. இந்த லீவுக்கு போகலனாலும் செமஸ்டர் லீவுக்கு இப்பவே டிக்கெட் போட்டு வெச்சிடுங்க. தேதி கையில இருந்தா மனசு அடங்கும். போறதா இருந்தாலும் திரும்பி வர்ற டிக்கெட்டயும் சேத்து எடுத்துட்டு போங்க, இல்லனா மூணு நாள் பத்து நாளாகும்.

சும்மா_ஒரு_ஆள்

எனக்கு ஞாபகமே வரல, ஜாலியா இருந்தேன். அப்ப நான் கெட்ட புள்ளையா?

பழையபுத்தக_வாசனை

@சும்மா_ஒரு_ஆள் இல்லீங்க, கொடுத்து வெச்சவரு. போய் தூங்குங்க.

நாற்காலி_எதிர்ல_நாற்காலி

நான் ஒரு காலேஜ்ல கவுன்சிலரா வேல பாக்கறேன். முதல் செமஸ்டர்ல என் முன்னாடி வந்து உக்கார்ற பசங்க நெறைய பேர் இதுக்குத்தான் வராங்க, வந்ததும் முதல்ல சொல்றது 'எனக்கு மட்டும்தான் மேடம்'.

ஒரு விஷயம் பிரிச்சு பாத்துக்கோமா. வீட்டு ஏக்கம்னா நெனப்பு முழுக்க வீட்டு மேலதான் இருக்கும், ஆனா நடுவுல ஒரு நல்ல கிளாஸ், ஒரு ஜோக், ஒரு விளையாட்டுனா அந்த நேரம் மறந்துடும். பகல்ல ஓடிடுதுனு நீ எழுதியிருக்கறது நல்ல அறிகுறி. அப்படி இல்லாம எதுலயும் பிடிப்பே இல்ல, தூக்கம் பசி ரெண்டும் கெட்டுப்போச்சு, கிளாசுக்கே எழுந்து போக முடியல, வீட்டுக்கு போனாலும் மாறல, இப்படி ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதுனா அது மனச்சோர்வா இருக்கலாம், உங்க காலேஜ் கவுன்சிலர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ போகணும். இருந்து என்ன பிரயோஜனம்னு நெனப்பு ஒரு தடவ வந்தாலும் ரெண்டு வாரம் எண்ணிட்டு உக்காராத, அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லு.

அப்புறம் போன். ஆறு ஏழு தடவ வேணாம். மனசு கஷ்டமாகும்போதெல்லாம் போன எடுத்தா, கஷ்டமான நேரத்த இங்க இருக்கற எதையும் வெச்சு கடக்க பழகவே முடியாது. ஒரு நேரம் வெச்சுக்கோ, ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி மட்டும் வேணாம், பேசிட்டு தனியா படுத்தா அதயே நெனச்சிட்டு கெடப்ப. நீ எட்டரை மணிதான் கஷ்டம்னு சொல்ற, அப்ப ஏழு மணிக்கு பேசிட்டு எட்டரைக்கு ரூம்ல இல்லாம பாத்துக்கோ. லைப்ரரில தினமும் ஒரே சீட்டுல போய் உக்காரு, யார்கிட்டயும் பேசக்கூட வேணாம். திரும்பத் திரும்ப பாக்கற விஷயம் தானா பிடிச்சுப்போகும்னு 1968லயே ராபர்ட் ஸயான்ஸ்ங்கற உளவியலாளர் சோதனை பண்ணி காட்டியிருக்காரு. இடமும் அப்படித்தான். வீட்டு மேல பாசம் வெக்கறதுக்கு நீ தனியா முயற்சி பண்ணியா என்ன?

வீட்டு போர்வை ஏதாவது கொண்டு வந்திருந்தா அத தினமும் மோந்து பாத்துட்டு அழாத. நான் சொல்றத கேட்டு சிரிக்காத, நெறைய பேர் செய்யறாங்க. வாசனைக்கும் மூளைல நினைவு, உணர்ச்சி இருக்கற பகுதிகளுக்கும் ரொம்ப நெருக்கமான தொடர்பு, அதான் அவ்ளோ சுருக்குனு தைக்குது. துவைச்சு போத்திக்கோ.

ரெண்டு_புள்ளைங்க_அம்மா

கண்ணு, எனக்கு உங்கம்மா வயசுதான் இருக்கும். எம்பையன் போன வருஷம் போனான். அம்மா ஏன் சாப்டியானு மட்டும் கேக்கறாங்கனு நெனைக்கற? வேற என்ன கேக்கறதுனு தெரியாதுடா. நல்லாருக்கியானு கேட்டா நீ இல்லனு சொல்லிட்டா என்ன பண்றது, அந்த பயம். நானும் அப்படித்தான், சாப்டியானு கேட்டுட்டு முட்டிட்டு நிப்பேன், அவன் போன வெச்சதும் அவன் ரூம் லைட்ட போட்டுட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன், கரண்ட் பில்லு ஏறுதுனு அவங்கப்பா கத்துவாரு, ஆனா ஒரு நாள் நான் போறதுக்கு முன்னாடியே அவரு உள்ள உக்காந்திருந்தாரு.

அப்புறம் எம்பையனே ஒரு வழி பண்ணான். 'அம்மா நீ என்ன பத்தி கேக்காத, இன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சுனு சொல்லு'ன்னான். பக்கத்து வீட்ல சண்ட, குழாய் ஒழுகறது, பூன குட்டி போட்டதுனு எல்லாத்தயும் சொன்னேன், அவனும் புரபசர் மைக்க ஆப் பண்ணாம யார்கிட்டயோ திட்டு வாங்கின கதைய சொன்னான், அன்னிக்குதான் மொத தடவையா ரெண்டு பேரும் சிரிச்சிட்டு போன வெச்சோம். அழுகை வந்தா அம்மாகிட்ட மறைக்காதடா கண்ணு, மறைச்சா மட்டும் எங்களுக்கு தெரியாதா. 'அழுகையா வருதும்மா, ஆனா நான் வரல, இங்கயேதான் இருப்பேன்'னு ரெண்டயும் சேத்து சொல்லு, கெளம்பி வானு சொல்ல மாட்டாங்க.

கடைசிபெஞ்ச்_காக்கா

எல்லாருக்கும் தேங்க்ஸ். பஸ்ஸுல வெச்சு படிச்சு அழுது பக்கத்து சீட்டு அக்கா தண்ணி பாட்டில் குடுத்தாங்க, அவங்களும் எங்க காலேஜ்தானாம், தேர்ட் இயர்.

நாலு நாளா ஏழு மணிக்கு ஒரு தடவதான் பேசறேன். ரெண்டாவது நாள் முடியல, நடுவுல ஒரு தடவ பண்ணிட்டேன். அம்மாகிட்ட ரெண்டயும் சேத்து சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் 'சரி, உங்கப்பா ஹெல்மெட்ட தொலைச்சிட்டாரு தெரியுமா'னு ஆரம்பிச்சு இருபது நிமிஷம் அவர திட்டினாங்க. லீவுக்கு போகல, செமஸ்டர் லீவுக்கு டிக்கெட் போட்டாச்சு, வெயிட்டிங் லிஸ்ட் 14.

ரூம்மேட்கிட்ட இந்த பாத்ரூம் சங்கம் கதைய சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, 'நீ பத்து மணிக்கு போவல்ல, நான் பதினொண்ணுக்கு'ன்னா.