நூறு கிலோவைத் தாண்டியவர்கள் ரோடு பைக்கில் என்ன வீல் போட்டிருக்கிறீர்கள்? என் கதை இது

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள். ஊர் தஞ்சாவூர், வண்டி வாங்கியபோது எடை 104 கிலோ. டாக்டர் நடக்கத்தான் சொன்னார், நான் ரோடு பைக் வாங்கினேன். கூடவே வந்த வீலில் முன்னால் 20 ஸ்போக்ஸ், பின்னால் 24. பார்க்க அத்தனை அழகு.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம் திருவையாறு. போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். பாலமும் ரோடும் சேருகிற இடத்தில் மண் அமுங்கி ஒரு படி மாதிரி நிற்கும். காரில் போகிறவனுக்குத் தெரியாது, எனக்கு இடுப்பு வரை தெரியும். மூன்றாவது மாதம் வெட்டாற்றுப் பாலத்தில் பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். நாலு மிதி மிதிப்பதற்குள் வீல் ஆட்டம் கண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசியது. வலப்பக்கம், கேசட் என்கிற பல்சக்கர அடுக்குக்குப் பின்னால், வீலின் நடுவில் இருக்கும் ஹப்பில் ஸ்போக்ஸ் கம்பி வளைந்து நுழைகிற இடத்தில், ஒன்று சுத்தமாக அறுந்திருந்தது.

தள்ளிக்கொண்டே போய்த் திருவையாற்றில் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினேன். எழுபது வயதிருக்கும் பெரியவர். கேசட் கழற்றுகிற சாவி அவரிடம் இல்லை. ஆனாலும் வீலைச் சுற்றிவிட்டு விரலால் கம்பிகளை எண்ணினார். “இருபத்து நாலுதானா? நம்ம மூட்டை வண்டிக்கே பின்னால நாப்பது கம்பி தம்பி. நீங்களே கொள்முதல் நிலைய மூட்டைக்கு ரெண்டரை மூட்டை இருப்பீங்க போலிருக்கே.” 40 கிலோ மூட்டைக் கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது. பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தும் நான் எண்ணியதே இல்லை.

வண்டி வாங்கிய கடையில் “ரோடு சரியில்லை சார்” என்று சொல்லிக் கம்பி மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த ஆறு வாரத்தில் இன்னும் இரண்டு போனது. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வீல் உருளும்போது தரையைத் தொடுகிற பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்து, மேலே வந்ததும் மறுபடி இறுகுகிறது. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கம்பியும் 470 தடவைக்கு மேல் இப்படித் தளர்ந்து இறுகும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். ஆள் கனமாக ஆக ஒவ்வொரு தளர்வும் பெரிது. கம்பி குறைவாக இருந்தால் அந்தப் பாரத்தைப் பகிர ஆளும் குறைவு.

தடித்த கம்பி போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன், அது தப்பு. இரண்டு முனையில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இழைத்த டபுள் பட்டட் கம்பிதான் அதிக நாள் தாங்கும். நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் வளைவில் விழுகிற அடி குறைகிறது.

முடிவில் பின்னால் 32, முன்னால் 28. 30 மி.மீ. உயரத்தில், 500 கிராமை ஒட்டிய அலுமினிய ரிம். சாமான் எல்லாம் ஆன்லைனில் வாங்கி அதே பெரியவரிடம் கொண்டுபோனேன். நண்பர்கள் சிரித்தார்கள்.

அவர் ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கே தாண்டுகிற மாதிரி மூன்று கிராஸ் போட்டுக் கோர்த்து, பெண்டு எடுத்து முடிக்கப் பாதி நாள் ஆனது. கடைசியில் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து இறுக நெரித்தார். உள்ளே ‘கிணிங், கிணிங்’ என்று சத்தம். “கம்பி உட்காரணும் தம்பி. இப்ப உட்காரலேன்னா நீங்க ஏறி உட்கார்ந்ததும் உட்காரும், அப்ப வீல் கோணும்.” நெரித்துவிட்டு மறுபடி பெண்டு எடுத்தார். மறுபடி நெரித்தார். அப்புறம் ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிக் காது கொடுத்தார். தஞ்சாவூர்க்காரனுக்கு வீணைதானே ஞாபகம் வரும். வீட்டுக்கு வந்து, கம்பியின் இறுக்கத்தை அளக்கிற டென்ஷன் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் எல்லாமே 110 கிலோவை ஒட்டி, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. வண்டியோடு வந்த வீலில் அதே பக்கத்தில் 70-ம் இருந்தது, 130-ம் இருந்தது. என் எடையை விட அந்த ஒழுங்கில்லாத இறுக்கம்தான் முதல் குற்றவாளி என்பது என் எண்ணம்.

இரண்டு வருடமாகிறது. ஒரு கம்பிகூடப் போகவில்லை. போன குறுவை அறுப்பு சமயம், ரோட்டில் நெல் காயப்போட்டு ஓரத்தில் வைத்திருந்த கல்லை, நெல்லை அள்ளியவர்கள் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இருட்டில் அதன் மேலேயே ஏற்றினேன். ரிம்மில் சின்னதாக ஒரு நசுங்கல், அவ்வளவுதான்.

பதில் – திருவாரூர்

112 கிலோ. நான் நேர் எதிர்ப் பக்கம். 50 மி.மீ. உயரக் கார்பன் ரிம், பின்னால் 24 கம்பி, டிஸ்க் பிரேக். எழுந்து நின்று மிதித்தால் பழைய வீல் பாம்பு மாதிரி நெளியும், இது நெளிவதில்லை. மலை இல்லாத ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வேதாரண்யம் பக்கம் பக்கக்காற்று அடித்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகப் பார்க்கும். இன்னொன்று, இதில் ஒரு கம்பி போனால் அன்றைக்கு ஆட்டோதான். 32 கம்பி வீலில் ஒன்று போனால் மெதுவாக உருட்டிக்கொண்டே வீடு சேரலாம். அந்த விஷயத்தில் உங்கள் பெரியவர் சொன்னது சரி.

எனக்கு உடம்பு வலியும் குறைந்தது, ஆனால் அது வீலால் இல்லை. 25 மி.மீ. டயரில் 110 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது 32 டயர், 75 பிஎஸ்ஐ. முதலில் டயரை மாற்றிப் பாருங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால்.

பதில் – நாகப்பட்டினம்

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கம்பியை ரிம்மில் இறுக்குகிற சின்ன நட்டு, அந்த நிப்பிளைப் பித்தளையில் வாங்குங்கள். எடை குறைவு என்று அலுமினிய நிப்பிள் போட்டேன். உப்புக்காற்றில் இரண்டே மழைக்காலம், சாவியை வைத்துத் திருகினால் பொட்டுக்கடலை மாதிரி உதிர்ந்தது.

பதில் – மயிலாடுதுறை

எடை வரம்பு 120 கிலோ என்று போட்ட ஒரு வீலைப் பார்த்து வைத்திருக்கிறேன். நான் 108. வாங்கலாமா?

தஞ்சாவூர்

சின்ன எழுத்தைப் படியுங்கள். சில கம்பெனிகள் ஆள் எடையை மட்டும் சொல்கின்றன, சில ஆள், வண்டி, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்த்துச் சொல்கின்றன. இரண்டாவது வகை என்றால் வண்டி 10 கிலோ, பாட்டிலும் பையும் 3 கிலோ என்றாலே நீங்கள் 121. நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் அதற்கான உபரிக் கம்பி இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பின் வீலில் கேசட் பக்கக் கம்பி ஒன்றிரண்டு மி.மீ. குட்டையாக இருக்கும், ஒன்றை இன்னொன்றுக்குப் போட முடியாது. நான் இரண்டு இரண்டாக செயின் ஓரத்து ஃபிரேம் குழாயில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கேசட் சாவி ஒன்று வாங்கித் திருவையாற்றுப் பெரியவர் கடையிலேயே கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் வந்தால் உங்களுக்கும் உதவும்.