முன்னிசையைத் தாண்டிவிட்ட பாவி நான்: 'கெதேயெகே' கேட்ட அனுபவங்கள்

சுவோன்வாசி:
நாலு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது. இங்கே கொரியாவுல ஆபீஸ் ஹ்வேஷிக், அதாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்து, முடிஞ்சு ரெண்டாவது ரவுண்டு நோரேபாங், அதான் திரையில வரி பார்த்துப் பாடுற கரோக்கி அறை. எங்க புஜாங்நிம், அதாவது துறைத் தலைவர், வாயைத் திறக்காத மனுஷன். அவரே எழுந்து 'கெதேயெகே'ங்கிற பழைய கொரியப் பாட்டைப் போட்டார். கீபோர்டு எக்காளம் மாதிரி கிளம்புச்சு. வரிகள் திரையில வர நேரமாகுதேன்னு, உதவி பண்றதா நெனச்சு, ரிமோட்ல தாண்டுற பட்டனை அமுக்கிட்டேன். அவர் மைக்கைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, இல்லாத கீபோர்டை ரெண்டு கையாலயும் வாசிக்க ஆரம்பிச்சிருந்தார். விரலெல்லாம் அப்படியே அந்தரத்துல நிக்குது. யாரும் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

மழைக்குருவி:
ஐயோ அண்ணா! தேஜோன்ல எங்க காலேஜ் மே மாசத் திருவிழா. நான் வந்து ரெண்டே மாசம், கொரியன்ல நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும். அந்த முன்னிசை ஆரம்பிச்ச உடனே பக்கத்துல நின்ன முகம் தெரியாத பொண்ணு என் தோள்ல கையைப் போட்டா. அடுத்த நொடி மொத்த வரிசையும் குதிக்குது, நானும் குதிக்கிறேன். என் ஒரு செருப்பு போச்சு. கிடைக்கவே இல்லை.

ஆன்சான் பெடியன்:
இது பேஸ்பால் பாட்டல்லோ? மைதானத்திலதான் நான் கேட்டனான். கத்துறதுக்கெண்டே செய்த பாட்டு. இதுக்குப் போய் இவ்வளவு உருக்கமோ?

பழைய கேசட்:
தம்பி, தப்பு. மைதானம் பின்னாடி எடுத்துக்கிட்டது. இது 1988 டிசம்பர் 24, எம்.பி.சி. டிவி நடத்தின கல்லூரிப் பாட்டுப் போட்டியில முதல் பரிசு வாங்கின பாட்டு. முஹான்குவேடோங்கிற மாணவர் குழு, கடைசியா மேடையேறினவங்க. எழுதின ஷின் ஹே-சோலுக்கு அப்போ 20 வயசு. அப்பாவுக்குத் தெரியாம போர்வைக்குள்ள மெலோடிகாவை (வாயால ஊதி வாசிக்கிற சின்ன கீபோர்டு) வெச்சுக்கிட்டு மெட்டுப் போட்டார்னு சொல்வாங்க. எல்லாம் போனாலும் உன்னை மட்டும் விடமாட்டேன்னு கெஞ்சுற காதல் பாட்டுப்பா அது! சோகமா இழுத்திருக்கலாம், பையன் திருவிழாவாக்கிட்டான். 2014 அக்டோபர்ல ஷின் இறந்த வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையில இது ஓடிச்சு. சூப் ஊத்திக்கிட்டிருந்த அம்மா கரண்டியாலயே தாளம் போட்டாங்க, கண்ணுல தண்ணி. அவ்வளவுதான் என் கதை.

நோரேபாங் போறவங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். சுருதியை முதல்லயே ரெண்டு படி இறக்கிடுங்க, பல்லவி உச்சிக்குப் போகும், தொண்டை கிழியும். சரணம் அடக்கமா வரும், அங்கேயே கத்தித் தீர்த்துடாதீங்க. டம்ப்ளிங், பீர் எல்லாம் பாட்டுக்கு அப்புறம். தம்பட்டம் மாதிரி இருக்கிற டாம்பரினை ஜூனியர் கையில குடுங்க, அடிக்கத் தெரியணும்னு அவசியமில்லை. முன்னிசைல சும்மா நிக்காதீங்க, கீபோர்டு, டிரம்ஸ், எதையாவது காத்துல வாசிங்க. பாட்டோட பாதி சந்தோஷம் யாரும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும்.

ஆன்சான் பெடியன்:
சரி அண்ணை, காதல் பாட்டெண்டே வையுங்கோ. ஆனா மைதானத்தில ஆயிரக்கணக்கான சனம் ஒண்டாக் கத்தேக்கை எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது பொய்யில்லை. எங்கட பக்கம் தோத்தும் போச்சு.

சுவோன்வாசி:
பாதி சந்தோஷம் முன்னாடியே முடிஞ்சுடும்னு நாலு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம். இப்பல்லாம் நோரேபாங்ல என் கையில டாம்பரின்தான். ரிமோட்டை எதிர் மூலையில வெச்சிடறாங்க.